மாதம்மாள் அவர்களுக்குச் சொல்லப்படாத இரண்டு வழிகள்

செவ்வாய்க்கிழமை காலை பாலக்கோட்டில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தேநீர் இடைவேளையில் எங்கள் தலைமையாசிரியர் அழைத்தார். "டீச்சர், மாதம்மா போயிட்டாங்க" என்றார். முந்தின வாரம்தான் அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போவது பற்றிப் பேசியிருந்தோம். அதனால், "சேலத்துக்குங்களா சார்? கூட யாரு போயிருக்காங்க?" என்று கேட்டேன். "இல்லைங்க டீச்சர், விடிகாலையில மூச்சு நின்னுபோச்சு" என்றார்.

மாதம்மாள் அவர்கள் எங்கள் பள்ளியின் சத்துணவு சமையலர். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்களிடம் தமிழ், அடுப்பிடம் கன்னடம். சோறு அடிப்பிடித்தால் அவர் திட்டுவது ஆசிரியர்கள் யாருக்கும் புரியாது. பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் புரியும், சிரிப்பார்கள். தன் பெயரை எழுதுவார். அதற்கு மேல் எழுத்து தெரியாது.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, பிள்ளைகள் தட்டோடு நிற்கும்போதே தனக்கு முதலில் பரிமாறச் சொன்னார். மாதம்மாள் அவர்கள் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பசங்க சாப்புட்டுரட்டுங்க சார். அதுவரைக்கும் அந்த நெழல்ல ஒக்காருங்க." தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி போய் உட்கார்ந்தார். அப்படிப்பட்டவர், ஒரு மருத்துவர் முன்னால் எதையும் கேட்காமல் நின்றதையும் நான்தான் பார்த்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்குக் காரணமில்லாமல் உடல் மெலிந்தது. சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. அதே வாரம், மாதம்மாள் அவர்களின் சாம்பார்க் கரண்டி பிள்ளைகளின் தட்டு விளிம்பில் தடதடவென்று அடிப்பதைக் கவனித்தேன். அவரையும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதே நோய்.

ஒரு சனிக்கிழமை இருவரும் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். முதலில் நான். "என்ன வேலை பாக்கறீங்க மேடம்?" என்று கேட்டார். ஆசிரியை என்றதும் ஒரு தாளை எடுத்துக் கழுத்தின் படம் வரைந்தார். மூன்று வழிகள் இருக்கின்றன என்றார். மாத்திரை ஒன்று, சுரப்பியைச் சுருங்கச் செய்யும் கதிரியக்க அயோடின் மருந்து ஒன்று, அறுவைச் சிகிச்சை ஒன்று. ஒவ்வொன்றின் நன்மை தீமையையும் சொல்லி, "வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

அடுத்து மாதம்மாள் அவர்கள். "நீ என்னம்மா பண்ற?" என்றார் மருத்துவர். "சத்துணவுல சமைக்கறனுங்க." அவர் சீட்டு எழுதினார். "இந்த மாத்திரையப் போடு. ஒரு மாசம் கழிச்சு வா." அவ்வளவுதான். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் அவர் கேட்டார்: "டீச்சர், உங்களுக்குப் படம் போட்டு என்னென்னமோ சொன்னாரே. எனக்கு வேற நோவுங்களா?"

"இல்லக்கா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப மருந்தும் ஒண்ணுதானுங்களே?"

"ஆமாக்கா, இப்போதைக்கு மாத்திரைதான்" என்றேன். பேருந்தில் கூட்டம், எனக்குக் களைப்பு. அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். நான் காட்டவில்லை.

சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டபின் நான் அயோடின் மருந்தைத் தேர்ந்தெடுத்தேன். அரசு ஊழியர் காப்பீடு இருந்தது, விடுப்பு கிடைத்தது, கணவர் பெங்களூரில் ஏற்பாடு செய்தார். வீடு திரும்பியதும் சில நாட்கள் மாடி அறையில் தனியாக இருந்தேன். இப்போது காலையில் ஒரு சிறு மாத்திரை, நன்றாக இருக்கிறேன்.

மாதம்மாள் அவர்கள் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தியிருந்தார். நடுக்கம் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்தார். "காய்ச்ச மாத்தர மாதிரிதானுங்களே டீச்சர், நல்லாயிட்டா எதுக்குப் போடறது?" என்றார். நிறுத்தக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் தேறிவிட்டதைப் பார்த்து அவரே வந்து என்ன வைத்தியம் என்று விசாரித்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து குடித்தபின் குழந்தைகளை அருகில் சேர்க்காமல் தனி அறையில் இருக்க வேண்டும் என்றதும் தலையை ஆட்டினார். முதல் வகுப்பில் படிக்கும் பேத்தி அவரோடுதான் வளர்கிறாள். "எங்க வூடே ஒரு ரூம்புதானுங்க டீச்சர். புள்ளைய எங்க படுக்க வெக்கறது?"

மிச்சமிருந்தது அறுவைச் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை என்று விசாரித்து, அழைத்துப் போனேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். அவர் பேசி முடித்ததும் மாதம்மாள் அவர்கள் எழுந்திருக்கவில்லை. "எனக்கும் ஒரு படம் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். அந்த மருத்துவர் வரைந்தார். எங்கே வெட்டுவார்கள், எத்தனை நாள் படுக்க வேண்டும், பிறகு கரண்டி பிடிக்கலாமா, எல்லாவற்றையும் மாதம்மாள் அவர்கள் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "செஞ்சுக்கலாங்க டீச்சர்" என்றார்.

ஆனால் நோய் காத்திருக்கவில்லை. இதயத் துடிப்பு சீராக இல்லை. மாத்திரையால் சுரப்பை அடக்கி, இதயத்தைச் சரிப்படுத்திய பிறகுதான் கத்தி வைக்க முடியும் என்றார்கள். இந்த முறை தவறாமல் சாப்பிட்டார். இடையில் பொம்மிடியில் இருக்கும் மகள் செல்விக்குப் பிரசவம். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் தங்கினார். மாத்திரை தீர்ந்துபோனது. சீட்டு இங்கே வீட்டுப் பெட்டியில். மாத்திரையின் பெயரைக் கடையில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

கால் வீங்கித் திரும்பி வந்தவரிடம், "ஏக்கா எனக்கு ஒரு போன் பண்ணல?" என்று சத்தம் போட்டேன்.

"உங்களுக்கு எலக்சன் டூட்டின்னு சொன்னாங்க டீச்சர். அதான் தொந்தரவு பண்ணல."

அதன்பின் மாத்திரைகள் கூடின. அவரால் அண்டாவைத் தூக்க முடியவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இங்குள்ள மருத்துவர்கள் சேலத்தில் இதயத்தைக் காட்டச் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும் அழைத்துப் போகிறேன் என்றேன். "ஆவட்டுங்க" என்றார்.

பாலக்கோட்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தலைமாட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து வந்தார். "டீச்சர், அம்மாவுக்கு என்ன நோவுன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் அதேதானுங்களே டீச்சர் இருந்துச்சு?"

"ஆமாம்மா" என்றேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

மாலையில் உடலைப் பள்ளி வழியாக எடுத்துச் சென்றார்கள். பிள்ளைகள் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். பேத்தியும் சீருடையோடு அவர்கள் நடுவில் நின்றாள். யாரோ கும்பிடச் சொன்னார்கள். அவள் மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கைகளைக் கூப்பினாள்.

அன்று பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து சாப்பாடு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள், அக்கா. போய் வாருங்கள்.