தட்டிக்கு அப்பால் என் குரல்

யாங்கர்லாவின் கையில்தான் எங்கள் நகரசபை வார்டில் பாதிப் பிள்ளைகள் பிறந்தன. என் மூன்றும் அப்படித்தான். முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். புருஷன் போனபின் தனியாள். அவள் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி மட்டும். தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டியதும் நான் கத்துவேன்: "ஏய் யாங்கர்லா, என்னடி இன்னிக்கு?"

"பன்னியும் மூங்கில் குருத்தும்கா. வாசனை வரலியா, மூக்கு அடைச்சிருக்கா?"

இருபது வருடம் இப்படியே போயிற்று.

அவள் ஓய்வு பெற்ற மறுவருடம் நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் நாகா ஊரில் ஆளை நிறுத்துவது பெரியவர் மன்றம். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அவர்கள் எங்கள் வார்டுக்குச் சுபோங் என்பவரை நிறுத்தினார்கள். இவள் தானும் மனு கொடுத்துவிட்டாள்!

"பிள்ளை பெறும்போது மட்டும் நான் வேணும், சாக்கடையப் பத்திப் பேச நான் கூடாதா?" என்று மன்றத்திலேயே கேட்டிருக்கிறாள்.

"நம்ம வழக்கத்துல பொம்பள சபையில உக்காந்ததில்லம்மா" என்றார் தலைவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் தீர்ப்பை வாசித்தார்: மனுவை வாபஸ் வாங்கும்வரை அவளோடு யாரும் பேசக் கூடாது. பேசும் குடும்பத்துக்கும் அதே கதி.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். சீ, வெட்கக்கேடு, ஆனாலும் மூடிக்கொண்டேன்.

கறிக்கடைக்காரர் அவள் கேட்டதை வெட்டிப் பலகையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார். அவள் வந்தால் குழந்தைகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டு, அவள் கடந்து போகும்வரை தரையைப் பார்த்தன. தெருவில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

பத்தாம் நாள் சாயங்காலம், தட்டிக்கு அப்பால் பேச்சுக் குரல்.

"ஏய் யாங்கர்லா, என்னடி இன்னிக்கு?"

"வெறும் கீரைதான்கா."

நான் கேட்கவில்லை. கேட்டது என் குரல். என் இழுப்பு, என் இருமல் எல்லாம் அச்சு அசல். தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் அவள் ஒருத்திதான் இருந்தாள். அதன்பின் அந்தக் குரல் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வாக்குச்சாவடியில் நான் அவளுக்குத்தான் போட்டேன். நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். எண்ணி முடித்தபோது அவளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு, சுபோங்குக்கு நூற்று நாற்பது. யாரும் கைதட்டவில்லை. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. தீர்ப்பும் அப்படியே இருந்தது.

அப்புறம் அவள் கதவிடுக்கில் சீட்டுகள் விழ ஆரம்பித்தன. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை. எதிலும் பெயர் கிடையாது. என் வாசலிலும் சாக்கடை அடைத்து நாறியது. நானும் பெயரில்லாமல் ஒன்று எழுதிப் போட்டேன்.

அந்தச் சீட்டோடு என் வாசலில் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"யார் வீடுன்னு போடலக்கா. உன்னோடதா? நீ பேச வேணாம், தலைய ஆட்டு, போதும்."

எதிர்வீட்டுத் திரை அசைந்தது. நான் மரம் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தட்டிக்கு அப்பால் என் குரல் சொன்னது: "ஆமாடி, என் வீட்டுச் சாக்கடைதான்."

கையை வைத்துப் பார்த்தேன். என் வாய் மூடித்தான் இருந்தது.

மறுநாள் காலை துப்புரவு ஆட்கள் யாரையும் விசாரிக்காமல் நேரே என் வாசலுக்கு வந்தார்கள்.