ஒரு கட்டை ஏற்றி வாசித்தேன்

தெரணியகலைப் பக்கம் சிவா பாடுகிறான் என்றால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சனமும் வந்துவிடும். அவனுக்கு ஆர்மோனியப் பெட்டி வாசித்தவன் நான். ஒரு நோட்டீஸிலும் என் பெயர் வந்ததில்லை.

அந்த வருடத் தேர்த் திருவிழா நோட்டீஸில் மைக்செட்காரர் பெயர்கூட இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் வேண்டுமென்றே, அவன் வழக்கமாகப் பாடும் சுருதியைவிட ஒரு கட்டை ஏற்றிப் பாட்டை ஆரம்பித்தேன்.

உச்சத்துக்குப் போனபோது அவன் குரல் உடைந்தது. கூட்டம் ஊளையிட்டது. சிவா திரும்பி என் விரல்களைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மைக்கில், "மன்னிச்சிருங்க, எனக்குத் தொண்டை கட்டிருச்சு. பெட்டி வாசிச்சதுல ஒரு தப்பும் இல்லீங்க" என்றான். என் பெயரைச் சொல்லிக் கைதட்டவும் சொன்னான். மைக்கில் என் பெயர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வழக்கம்போல் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ரப்பர் மலை இறங்கினோம்.

"கோவம்னா என்னையத் திட்டியிருக்கலாமே மச்சான்" என்றான்.

நான் என் பக்கத்துப் பிடியை இறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதன்பின் சிவா மேடை ஏறவில்லை. கூப்பிட்டவர்களிடமெல்லாம், "தொண்டை சரியில்லீங்க" என்று அதே பொய்யைச் சொன்னான். நான் உண்மையைச் சொல்லவேயில்லை. இப்போது நோட்டீஸில் என் பெயர்தான் முதலில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கையில் வாங்கியதும் அவன் பெயரைத்தான் தேடுகிறேன்.