வடக்கு போடாத பன்னிரண்டு தாள்கள்

எங்கள் ஊரில் சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடும். அதற்குப் பிறகு தூங்குகிறவர்களின் தூக்கம் அரைத் தூக்கம்தான். அந்த மாதம் முழுக்க என் அரைத் தூக்கத்தில் ஒரு துறைமுகம் வந்துகொண்டிருந்தது. பனி மூடிய தண்ணீர், மஞ்சள் விளக்குகள், கரையோரம் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதன் நாலாவது மாடியில் என் வரைமேசை. நான் போயே இராத ஊர். கல்லூரியின் இணையதளத்தில் பார்த்த ஏழெட்டுப் படங்களை வைத்து நானே கட்டிக்கொண்டது.

கட்டடக்கலை மேற்படிப்புக்கு இரண்டு வெளிநாட்டுக் கல்லூரிகள் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தன. ஒன்று அந்தத் துறைமுக நகரத்தில், பேர்பெற்ற பெரிய கல்லூரி. இன்னொன்று கடலே இல்லாத ஒரு குளிர் ஊரில், சின்னக் கல்லூரி. அங்கே மாணவர்களே மரம் அறுத்து, செங்கல் வைத்து, யாரோ குடியிருக்கப் போகிற ஒரு வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும். இரண்டும் இரண்டு வருடப் படிப்பு, உதவித்தொகையிலும் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதை விட வேண்டும். நான் எந்த மாதிரி வீடு கட்டுகிறவளாக ஆகப்போகிறேன் என்பது அந்த ஒரு பதிலில் இருந்தது.

எனக்கு அதில் குழப்பமே இல்லை, துறைமுகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தோடு பன்னிரண்டு வரைபடத் தாள்கள் அனுப்பியிருந்தேன். ஒன்றில்கூட வடக்குக் குறி இல்லை. முதல் வருடப் பிள்ளைகூட வடக்கு எது என்று ஓர் அம்பு போடாமல் வரைபடத்தை நீட்டாது. நான் நீட்டியிருந்தேன். தீவில் வளர்ந்தவர்கள் வடக்கு தெற்கு என்று வழி சொல்லி நான் கேட்டதில்லை. கடல் பக்கம், மலைப் பக்கம், கப்பல் கட்டுகிற ஜெட்டிப் பக்கம், அவ்வளவுதான். தாளின் அடியில் கடலை வைத்துவிட்டால் எனக்குத் திசை முடிந்துபோகும். சென்னையில் ஐந்து வருடம் திட்டித் திட்டி அம்பு போட வைத்தார்கள். போர்ட் பிளேருக்குத் திரும்பி வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பெரிய கல்லூரியின் கணினிவழி நேர்காணலில் ஓர் அம்மையார் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார். “எல்லாவற்றிலும் தண்ணீர் கீழேயே இருக்கிறதே, பார்க்கிறவர் கப்பலில் நிற்கிறாரா?”

அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. ஆமாம் என்றேன். எங்களுக்கு எந்த ஊரும் முதலில் கப்பலிலிருந்துதான் தெரியும் என்றேன். மிக அழகு என்றார். இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை.

சின்னக் கல்லூரியில் கம்பளிச் சட்டை போட்ட ஓர் ஆசிரியர் நேராகவே கேட்டார். “வடக்கு எங்கே?”

கடல் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டாவது தாளை எடுத்தார். அது எங்கள் வீடு. மாடியில் ஓர் அறை கட்டலாமா என்று விளையாட்டாக வரைந்தது. “இங்கே கடல் இல்லையே. மத்தியானம் எந்த அறைக்கு வெயில் வரும்?”

கிழக்கு என்றேன், இல்லை என்றேன், உளறினேன். நல்லவேளையாக நெட் போய்விட்டது. எங்கள் ஊர் நெட்டுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான். அப்புறமும் அவர்கள் இடம் கொடுத்தபோது பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்றே பட்டது. அந்தக் கம்பளிச் சட்டைக்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

வியாழக்கிழமை அப்பாவின் கப்பல் கார் நிக்கோபாரிலிருந்து வந்தது. அப்பா சுக்கானி, கப்பலின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிற வேலை. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஸ்கூட்டரோடு நின்றேன். இறங்கிய சிப்பந்திகள் எல்லோரும், “அச்சா, பேட்டி, எப்ப கிளம்பற மகளே?” என்று இந்தியும் தமிழுமாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். அப்பா கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

“அந்த ஊர் ஹார்பர மேப்புல பார்த்தேன்மா,” என்றார் பின்சீட்டில் ஏறியதும். “எவ்வளவு ஆழம் தெரியுமா? பெரிய பெரிய ஜஹாஸெல்லாம் நேரா உள்ள வந்து கட்டறான். மெயின்லேண்ட்லயே அப்படிக் கெடையாது.”

“நான் ஹார்பர்லயா படிக்கப் போறேன்?”

“டீக் ஹை, சரி சரி. இருந்தாலும் மனுசன் இருக்கற ஊர்னா கடல் வேணும்.”

அந்தச் சந்தோஷத்தில் வடக்குக் குறி கதையை வேடிக்கையாக எடுத்துவிட்டேன். வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

“சுக்கானி பொண்ணு நார்த் போடலயா? ஜெட்டில தெரிஞ்சா என்னம்மா நெனப்பான்? ராத்திரி பகலா கம்பாஸப் பார்த்துக்கிட்டு நிக்கறேன் நானு!”

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் தாள்களைக் கேட்டார். தரையில் பரப்பி, நீலப் பேனாவோடு உட்கார்ந்தார். வண்டூர் படகுத்துறைத் தாளை ஒரு கணம் பார்த்தார். கடல் மேற்கே, அதனால் அம்பு இடது பக்கம். கார் நிக்கோபார் பள்ளிக்கூடத்துக்கு அம்பு தலைகீழாகக் கீழே பார்த்தது. வரைபடம் பார்க்கவில்லை, ஃபோன் பார்க்கவில்லை. ஒவ்வொரு கரைக்கும் எத்தனை முறை வந்து சேர்ந்திருப்பார்! பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு தாள்களில் பதினோரு அம்புகள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. எனக்குக் கண் சொருகியது, அந்த மஞ்சள் விளக்குத் துறைமுகம் மறுபடி வந்தது.

பன்னிரண்டாவது தாளில் பேனா நின்றுவிட்டது.

அப்பா தாளை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மேட்டுச் சந்தில் நாலு வளைவு ஏறி வருகிற வீடு, எங்கிருந்து பார்த்தாலும் கடல் தெரியாது. மழை இருட்டில் சூரியன் எங்கே என்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

“நம்ம வீடு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?” என்று கடைசியில் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“டிசம்பர்ல பின்பக்கக் கொடில பதினோரு மணிக்கே துணி காஞ்சிரும். மே வந்தா சூரியன் வடக்கால சாஞ்சு வெயில் முன்வாசலுக்கு மாறிரும், அப்ப கொடிய முன்னாடி கட்டுவேன். அப்பன்னா முன்வாசல் வடக்குதான? இதக்கூடவா கேப்பீங்க?”

அப்பா பேனாவை மூடாமல் அப்படியே இருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்காவது கப்பல் என்று ஒரு சாக்கு இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கொடிக்கு அடியில் குனிந்து குனிந்து போய்வந்தவள். வருடத்துக்கு இரண்டு முறை அம்மா கொடியை அவிழ்த்து மாற்றிக் கட்டியது என் கண்ணில் படவே இல்லை. வீடு வரைந்தவள் நான். வெட்கத்தில் காது சுட்டது. கம்பளிச் சட்டைக்காரர் என்னை மட்டம் தட்டக் கேட்கவில்லை, அந்த வீட்டில் இருப்பவளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். பெரிய கல்லூரி பாராட்டியது நான் ஏற்கெனவே பார்க்கத் தெரிந்ததை. எனக்குப் பார்க்கத் தெரியாதது இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்து, சின்னக் கல்லூரிக்குச் சரி என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தால் துறைமுகம் என்னைத் திரும்ப இழுத்துவிடும் என்று பயமாக இருந்தது. பிறகு வந்து சொன்னேன்.

“அங்க கடல் எந்தப் பக்கம்?” என்றார் அப்பா.

“எந்தப் பக்கமும் இல்லப்பா.”

ஜெட்டியில் எல்லோரிடமும் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு பேனாவை அம்மாவிடம் நீட்டினார். வேண்டாம் வேண்டாம் என்றவள், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது தாளில் ஓர் அம்பு போட்டாள். கொஞ்சம் கோணல்தான்.

அந்தத் தாள் இப்போது இந்த விடுதி அறைச் சுவரில் இருக்கிறது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து ஜன்னலோரம் போட்டேன். ஃபோனில் அம்மா ஊர் எப்படி, கல்லூரி எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. துணி எப்போது காய்ந்தது என்று கேட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு என்றேன்.

“அப்ப உன் ஜன்னல் தெக்கு பார்த்தது,” என்றாள். “அப்பாட்ட சொல்லிடறேன். கேட்டுக்கிட்டே இருக்காரு.”