மோனிக்காவின் அடுப்பும் அகன்ற பாடத்திட்டமும்

மோனிக்கா த்ரெல்ஃபாலைப் பற்றி எழுத எங்கள் ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவள் அப்பா என்னோடு கூரை ஏறியவர். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு ஓடு சுமக்கப் போனவன். இன்று வட இங்கிலாந்தில், லங்காஷயரின் இந்தப் பக்கத்தில் மழைக்காலத்தில் நீங்கள் நனையாமல் தூங்குகிறீர்கள் என்றால் அதற்கு என் கம்பெனிதான் காரணம். எங்கள் மாதா கோயில் கூரையும் நான் போட்டதுதான். இதுவரை பூசை நேரத்தில் ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் ஆயர் என்னை எங்கள் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் போட்டார். குழுவில் பட்டம் வாங்கியவர்கள் நிறைய இருக்கிறார்கள். கூட்டத்தில் வாயைத் திறப்பவன் நான் ஒருவன்தான்.

மோனிக்கா அங்கே சமையல் டீச்சர். தாழ்வாரத்தின் கடைசியில் அவளுடைய வகுப்பு. அடுப்புகள், நீளமான மேசைகள், எந்நேரமும் வெங்காய வாசனை. அடக்கமான பெண் என்று அவளை யாரும் சொன்னதில்லை. அவள் ஒரு பிள்ளையைத் திட்டினால் விளையாட்டு மைதானத்தில் பந்து நின்றுவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குச் சமைச்சுப் போட ஆள் வேணும், நான் சமைச்சுப் போட ஆள் வேண்டாம்" என்பாள். வேறு எந்த வகுப்பிலும் உட்கார மாட்டேன் என்கிற பிள்ளைகள் அவள் வகுப்பில் மாவு பிசைந்துகொண்டு நிற்பார்கள். கணக்கு வகுப்பில் பின்னம் புரியாதவன் இங்கே அரைக் கரண்டி, கால் கரண்டி என்று பிழையில்லாமல் அளப்பான். கேரளத்திலிருந்து வந்த நர்ஸுகளின் பிள்ளைகள், போலந்துக்காரர் பிள்ளைகள், எங்கள் ஊர்ப் போக்கிரிகள் எல்லாரும் ஒரே மேசையில். ஒருவரையும் உள்ளே சேர்க்க அவள் யாரிடமும் திட்டம் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் தெற்கிலிருந்து டாக்டர் ஆஷ்காம் தலைமையாசிரியராக வந்தார். வந்த முதல் மாதமே மேசைவிரிப்பு அகலத்துக்கு ஒரு தாளை விரித்தார். அதில் வண்ண வண்ண வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் மற்ற எல்லா வட்டங்களுக்கும் அம்புக்குறி. 'அனைவரையும் அரவணைக்கும் அகன்ற பாடத்திட்டம்' என்று தலைப்பு. எனக்கு அது சாரக்கட்டு சரிந்து விழுந்ததைப் படமெடுத்ததுபோல் இருந்தது.

ஒவ்வொரு பாடத்திலும் நற்செய்தி எங்கே இருக்கிறது என்று அந்தந்த ஆசிரியர் காட்ட வேண்டுமாம். பாவம், கணக்கு வாத்தியார் இயேசு பகிர்ந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஐயாயிரம் பேருக்கு வகுத்துக் காட்டினார். மீதி பன்னிரண்டு கூடை எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டதும் அதைப் பங்குச் சாமியாரிடம் கேள் என்று சொல்லிவிட்டார். விளையாட்டு வாத்தியார் புனித பவுல் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதியதைச் சுவரில் ஒட்டினார். பிறகு பிள்ளைகள் ஓடவே இல்லை. சுவரைப் படிப்பதற்கே வகுப்பு முடிந்துவிட்டது.

அகன்ற திட்டத்துக்கு இடம் வேண்டுமே. மறைக்கல்விக்கு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் என்பது ஆயர்கள் வைத்த சட்டம், அதில் கை வைக்க முடியாது. லத்தீன் புதிதாக வர வேண்டும், 'உலகக் குடிமகன்' என்று இன்னொன்றும் வர வேண்டும். ஆகவே சமையல் போக வேண்டும். அடுப்புகளைப் பிடுங்கிவிட்டு அந்த அறையில் லத்தீன். அகலப்படுத்துவது என்றால் முதலில் ஒன்றை வெட்டுவது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மோனிக்கா தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், என் பாடத்தை எடுத்துட்டீங்களாமே?"

"எடுக்கல, மிஸ் த்ரெல்ஃபால். உணவு எல்லாப் பாடத்துக்குள்ளயும் ஊடுருவி நிக்குது பாருங்க. அறிவியல்ல இருக்கு, புவியியல்ல இருக்கு..."

"அடுப்பு எதுல சார் இருக்கு?"

"அடுப்புங்கறது ஒரு கருவிதானே."

"அப்ப நான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய்வைப் பத்தி நீங்க யோசிச்சிருக்கீங்களா?"

வெளியே வந்ததும் அவள் கன்னம் சிவந்திருந்தது. "ஓய்வாம், வில்ஃப். வீட்டுல எனக்கு யாரு இருக்கா? டெலிவிஷன்கிட்டயா நான் கையைக் கழுவிட்டு வாடான்னு கத்துறது?"

"நிர்வாகக் குழுவில ஓட்டெடுப்பு இருக்கும்மா. நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீங்க இருக்கீங்க. உங்களுக்கு ஒரு கைதானே தூக்க முடியும்?"

தவக்காலத்தில் ஆயர் வருவதாக இருந்தார். காலையில் பூசை, மதியம் புதிய பாடத்திட்டத்தின் பெயரில் பெரிய விருந்து, விருந்து முடிந்ததும் நிர்வாகக் குழு கூடி ஓட்டெடுப்பு. விருந்தைத் தன் பள்ளிச் சமையல் டீச்சரிடம் கொடுக்கவில்லை ஆஷ்காம். மான்செஸ்டரிலிருந்து ஆள் வரவழைத்தார். ஒருவரும் விடுபடக் கூடாது என்று காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கச் சொன்னார்: சாப்பாட்டில் சிறப்புத் தேவை உள்ளவர்கள் கை தூக்கலாம். முஸ்லிம் பிள்ளைகள் தூக்கினார்கள், அவர்களுக்கு ஹலால் கோழி. பால்கூட வேண்டாம் என்கிற நாலைந்து பேர் தூக்கினார்கள், அவர்களுக்குக் கொண்டைக்கடலை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், எல்லாருக்கும் தலைக்கு ஒரு தட்டு, தட்டில் பெயர். எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒருவரும் கை தூக்கவில்லை. நமக்கென்ன சிறப்பு, நாம் சாதாரணம்தானே என்று இருந்துவிட்டார்கள். சாதாரணமானவர்களுக்கும் ஆயருக்கும் ஹாட்பாட், அதாவது மேலே உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்த ஆட்டுக்கறி.

ஆசிரியர் அறைச் சுவரில் உணவு விவரம் ஒட்டியிருந்தது. மோனிக்கா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நானும் ஒரு பார்வை பார்த்தேன். எனக்கு ஒரு பார்வை போதும், ஓடு எங்கே விலகியிருக்கிறது என்று தரையிலிருந்தே சொல்கிறவன் நான்.

"மோனிக்கா, அது வெள்ளிக்கிழமை இல்ல?"

"ஆமா."

"தவக்காலத்து வெள்ளி. சுத்தபோசனம். நம்ம ஆளுங்க கறி தொடக் கூடாதே."

"ஆமா, வில்ஃப். கத்தாதீங்க."

"யாருமே சொல்லலியா?"

"மறைக்கல்வி வாத்தியாரைக் கேட்டேன். ஆயரே சாப்பிட வர்றாரு, எப்படியும் விலக்கு வாங்கியிருப்பாங்கன்னாரு. துணைத் தலைமையாசிரியையைக் கேட்டேன். மறைக்கல்வி வாத்தியாரு பார்த்திருப்பாரேன்னாங்க."

"ஆஷ்காமும் கத்தோலிக்கர்தானே?"

"ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்குல்ல" என்றாள் அவள்.

"நீ போய்ச் சொல்லப் போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? உணவுதான் எல்லாப் பாடத்துக்குள்ளயும் ஊடுருவி நிக்குதே. புவியியல் வாத்தியார் சொல்லட்டும்." பிறகு என் கையில் தட்டிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை காலையில என் பிள்ளைங்களுக்கு ரெண்டு மணி நேரம் அடுப்பு வேலை இருக்கு. உங்க வேன்ல உருளைக்கிழங்கு மூட்டை ஏத்திட்டு வர முடியுமா?"

அந்த வெள்ளிக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். மேடையில் அந்த அகன்ற தாள், அம்புக்குறிகளோடு. ஆஷ்காம் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இந்த மேசையில் ஒதுக்கப்பட்டவர் யாரும் இல்லை என்று முடித்தார். ஆயர் எழுந்து உணவை ஆசீர்வதித்துவிட்டு உட்கார்ந்தார். பரிமாறுகிறவன் அவர் முன்னால் மூடியைத் திறந்தான். ஆட்டுக்கறி வாசனை கும்மென்று எழுந்தது.

ஆயர் கரண்டியை எடுக்கவில்லை. பக்கத்தில் எங்கள் பங்குச் சாமியார் திடீரென்று என் கூரை வேலையை ரசிக்கிறவர்போல் விட்டத்தைப் பார்த்தார்.

"தலைமையாசிரியரே, இன்னைக்கு என்ன கிழமை?" என்று ஆயர் மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை, ஆயரே!" என்றார் ஆஷ்காம், பரிசு வாங்கப்போகும் பையனைப்போல.

ஆயர் தட்டைப் பார்த்தார். பிறகு ஆஷ்காமைப் பார்த்தார். ஆஷ்காமின் கழுத்து காலரிலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனதை நான் நன்றாகப் பார்த்தேன், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அரவணைக்கப்பட்டவர்கள் எல்லாரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் பட்டினியாக உட்கார்ந்திருந்தவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டும்தான்.

அப்போது பின்கதவு திறந்தது. மோனிக்கா முன்னால், அவள் பிள்ளைகள் பின்னால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டம். தட்டம் நிறைய பட்டர் பை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் வைத்து மாவால் மூடிச் சுட்டது. கறி தொடாத வெள்ளிக்கிழமைகளுக்கென்றே எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து இந்தப் பக்கத்து அடுப்புகளில் வேகிற பை.

அவள் நேராக ஆயரிடம் போனாள். குரலைக் குறைக்கவெல்லாம் இல்லை.

"ஆயரே, இது சிறப்புத் தேவை இருக்கறவங்களுக்கு."

ஆயர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "எங்கம்மா கையால சாப்பிட்டதுக்கப்புறம் இதைப் பார்த்தே வருஷமாச்சு" என்று சொல்லி இரண்டு தின்றார். சாமியார் விட்டத்தை மறந்துவிட்டு மூன்று தின்றார். ஆட்டுக்கறி வீணாகவில்லை. கத்தோலிக்கரும் அல்லாத, தனித் தட்டும் இல்லாத பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பங்கு தின்றுவிட்டு ஆஷ்காமைப் பாராட்டினார்கள். அன்று அவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பிறகு கூட்டம். ஆயருக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் ஒரு மூலையில் காபியோடு உட்கார்ந்து, "அந்தப் பை எந்தப் பாடத்துல வருது?" என்று மட்டும் கேட்டார்.

"அது எல்லாப் பாடத்துக்குள்ளயும் ஊடுருவி..." என்று ஆரம்பித்தார் ஆஷ்காம்.

நான் எழுந்தேன். "டாக்டர் ஆஷ்காம், உங்க வீட்டுக் கூரையில ஒரு ஓடு கழட்டிட்டு, அந்த ஓடு மத்த ஓடுகளுக்குள்ளயெல்லாம் ஊடுருவி நிக்குதுன்னு நான் பில் கொடுத்தா, பணம் தருவீங்களா?"

பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். சமையலுக்காகக் கைகள் உயர்ந்தன. வயிற்றில் பை இருக்கும்போது கை தானாக உயரும். சமையல் நின்றது, அதாவது போகாமல் பள்ளியிலேயே நின்றது. லத்தீன் பள்ளி விட்டபிறகு நடக்கிற விருப்ப வகுப்பானது. அதில் இப்போது மூன்று பிள்ளைகளும் ஆஷ்காமும் இருக்கிறார்கள்.

தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். அடுத்த தாளில் மோனிக்காவின் வகுப்புக்கு 'வட்டாரப் பண்பாட்டு உணவியல்' என்று பெயர் வைத்து நடுவட்டத்தில் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனிடம், அந்தப் பை வருவது முதலிலிருந்தே தன் திட்டம் என்றார். நான் அந்தப் பத்திரிகையை மோனிக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதை வாங்கி, வெண்ணெய் தடவிய தட்டத்துக்கு அடியில் விரித்தாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமை மதியத்தில் ஆஷ்காம் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்து வந்து, அவள் வகுப்பு வாசலில் தட்டோடு நிற்கிறார். மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அவள் கேட்கிறாள்:

"சாருக்குச் சிறப்புத் தேவை ஏதாவது இருக்கா?"

அவர் கை தூக்கிய பிறகுதான் பை.