நாகராஜ் சாருக்கு என் ஊரை வரைஞ்சு குடுத்தவன் நான்

நாகராஜ் சார் போய்ட்டார். நேத்து ஓசூர்லயே தகனம் முடிஞ்சதாம். இன்னிக்குக் காலையில அவர் பையன் போன்ல சொன்னான்.

ஆழ்ந்த இரங்கல்னு போடுறவங்க கமெண்ட்ல போட்டுக்கங்க. எனக்கு மனசு வரல.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு... எங்க லேத் செக்‌ஷனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். நான் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஓசூர் ஜூஜுவாடியில நான் தங்கியிருந்த ரூம்ல மார்கழிக் குளிர் தாங்காம நடுங்கிட்டிருந்தப்ப, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுத்தார். அதையும் சொல்லணும் இல்ல.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, பூசணிக்காய் உடைச்சதும் செக்‌ஷனே வேன் எடுத்து டூர் கிளம்பும். அந்த வருஷம் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்போ எங்க ஊர்ல ஒரு லாட்ஜ் கிடையாது. ஒரு டீக்கடை, சின்னதா ஒரு சர்ச், காயப்போட்ட வலைங்க, தென்னந்தோப்பு. தோப்பு நடுவுல மணல் பாதை, அதுல அஞ்சு நிமிஷம் நடந்தா கடல். அம்மா வெச்ச நகரை மீன் குழம்பை மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏம்பா, இந்த ஜாகா யார்துப்பா?"

"தோப்பு மதுரைக்காரங்களுது சார். பாதை ஊருக்கே பொது. அதுக்குப் பட்டாவெல்லாம் கிடையாது."

என் வாய் சும்மா இருந்துச்சா?

திரும்பி வந்த வாரம் கேன்டீன்ல, "உங்க ஊரைக் கொஞ்சம் வரைஞ்சு காட்டுப்பா"ன்னார். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பின்பக்கம் பென்சில்ல வரைஞ்சேன். தோப்பு, பாதை, கடல்... டிராயிங்ல போடுற மாதிரி அம்புக்குறி, அளவு எல்லாம் போட்டு. மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அடுத்த வருஷம் வேலையை விட்டார். ஒரு ரிசார்ட் பார்ட்டியைக் கூட்டிட்டுப் போய்த் தோப்பை முடிச்சுக் குடுத்தார். பாதையையும் உள்ளே வெச்சு சுவர் எழும்பிருச்சு.

ஊர்க்காரங்க மறிக்கப் போனப்ப என் பென்சில் படத்தைத்தான் எடுத்துக் காட்டினாராம். "உங்க ஊர்ப் பையன் வரைஞ்சு குடுத்ததுதான்யா."

அம்மா மீன் கூடையோட மூணு கிலோமீட்டர் சுத்தி நடந்தாங்க. முட்டி தேஞ்சு படுக்கையில விழுற வரைக்கும் நடந்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் இன்னும் எரியுது.

செத்துட்டார்ங்கிறதுக்காக மன்னிக்க முடியாது.

பையன் போன் பண்ணது சாவு சொல்ல மட்டும் இல்ல.

"அண்ணா, அஸ்தியை உங்க ஊர்க் கடல்லதான் கரைக்கணும்னு அப்பா சொல்லிட்டே இருந்தார்ணா. ரிசார்ட்ல கேட்டா கெஸ்ட் தவிர யாரையும் விடமாட்டோம்ங்கிறாங்க. நீங்க சொன்னா நடக்கும்ல?"

நடக்கும். கேட்ல நிக்கிற வாட்ச்மேன் என் சித்தப்பா மகன். ஒரு போன் போட்டா போதும்.

"சுவரை ஒட்டியே நடங்க தம்பி, கடல் வந்துடும். எங்க அம்மா போன வழிதான்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்.

போய் வாங்க சார். சுத்திப் போங்க.