இருபத்திரண்டு மேஜைகளுக்கும் போன பட்டியல்

கல்பகத்துக்குக் கொடுத்துத்தான் பழக்கம், மறைத்துப் பழக்கமில்லை. தங்கமான குணம் என்பார்கள். சொல்பவர்களுக்கென்ன, அனுபவித்தது அவளல்லவா!

பேகம்பேட்டில் மருந்துக் கம்பெனிகளுக்கு அறிக்கை தயாரித்துத் தரும் அலுவலகம். அங்கே பதினான்கு வருஷமாக எழுத்துப் பிழை பார்த்துவந்தாள். மருந்துப் பெயர்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது; எதை அடித்தாலும் அடியில் சிவப்புக் கோடு போட்டுப் பிராணனை வாங்கும். சொல்லை அதன் பட்டியலில் சேர்த்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். முதல் நாள் சோதனைக்காகத் தன் பெயரைச் சேர்த்தாள். பிறகு புத்தகம் பார்த்தும் ஃபோனில் விசாரித்தும் ஒன்பதாயிரம் சொற்கள் சேர்த்தாள். அந்தப் பட்டியல் அவள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்ததால், எல்லா அறிக்கையும் கடைசியில் அவளிடம்தான் வரும்.

புது மேனேஜர் சாருலதா கோயம்புத்தூர்ப் பெண். "மேடம், உங்க லிஸ்ட்டை எல்லா சிஸ்டத்துலயும் போட்டுடலாமுங்க. நீங்க ஒருத்தரே எத்தனைதான் பாப்பீங்க?" என்றாள்.

வீட்டில் கணவர் பத்மநாபன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கம்பெனி மூடி இரண்டு வருஷம். ஹப்சிகுடா வீடு ஓடுவதே இவள் சம்பளத்தில். "அசடே, அதைக் குடுத்துட்டா அப்புறம் உன்னை எதுக்கு வெச்சுப்பா?"

"ஆபீஸ் சொத்துன்னா அது! எப்படி ஒளிச்சு வெச்சுக்கறது?"

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஒரு ஃபைல்தானேம்மா," என்றாள் மகள் ஹம்ஸினி, கையிலிருந்த ஃபோனைவிட்டுத் தலை தூக்காமல்.

மறுநாள் மற்ற இருபத்திரண்டு மேஜைகளுக்கும் கல்பகமே போய்ப் பட்டியலை ஏற்றினாள். கைதட்டினார்கள், சமோசா வாங்கித் தந்தார்கள். பைத்தியக்காரி, பூரித்துப்போனாள்!

மூன்றாவது வாரம் அவள் மேஜைக்கு ஒரு அறிக்கைகூட வரவில்லை. காலையிலிருந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசியில் சாருலதா கூப்பிட்டாள்.

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க மேடம். இன்னைக்கே ரிலீவிங் லெட்டர் குடுக்கச் சொல்றாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேனுங்க."

இடத்துக்குத் திரும்பிய கல்பகம் ஆத்திரத்தில் தன் கம்ப்யூட்டரிலிருந்த பட்டியலை அடியோடு அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம்? மற்ற மேஜைகளில் அது பத்திரமாக இருந்தது. ஆத்திரம் அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. எந்த வேலையானாலும் பரவாயில்லை, இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி எழுத உட்கார்ந்தாள். முதலில் தன் பெயரை அடித்தாள். அடியில் சிவப்புக் கோடு விழுந்தது.

"மேடம், ஒக்கசாரி சூடண்டி," என்று பக்கத்து மேஜை ஹர்ஷா, ஒருமுறை பார்க்கச் சொல்லித் தெலுங்கில் தயங்கிக் கூப்பிட்டான். அவன் திரையில் அவளுடைய ரிலீவிங் லெட்டர். அவனையே அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே அவள் பெயர், கீழே நான்கு வரி. எங்கேயும் ஒரு கோடு இல்லை.

கண்ணை நீர் மறைத்தது. பழக்கம் விடவில்லை, முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்லைப்பா, பிரின்ட் எடு," என்றாள்.