ஆற்றின் படம் ஒட்டிய தண்ணீர்

"முழு வணிக உள்நோக்கத்துடனும், தொழில்நுட்ப அறிவுடனும், போட்டி நிறுவனத்தின் மறைமுக முகவராகச் செயல்பட்டு, எமது கட்சிக்காரரின் மின்கலங்களைத் திருநெல்வேலி வட்டாரத்தில் திட்டமிட்டு நாசப்படுத்தியவரான" என்று மூச்சு விடாமல் ஓடிய அந்த வக்கீல் நோட்டீஸ், ஏழாவது வரியில் "தாங்கள்" என்ற சொல்லில் போய் முட்டி நின்றது. தாங்கள் என்பது பாக்கியம்.

நோட்டீஸ் தமிழில்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு முதலில் புரியவில்லை. மூன்றாம் முறை படித்தபோது "மின்கலம்" என்றால் பேட்டரி என்று பிடிபட்டது. நான்காம் முறை படித்தபோது, நாசப்படுத்தியது தான்தான் என்கிறார்கள் என்பது பிடிபட்டது.

நாசவேலைக்காரியின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. கண்டக்டர் தவறான நிறுத்தத்தில் இறக்கிவிட்டாலும், இங்கேதான் இறங்க வந்தேன் என்பதுபோல நடையைக் கட்டுகிறவள். சண்டை போடத் தெரியாததால் வாடகை வீட்டைக்கூட இரண்டு முறை மாற்றியிருக்கிறாள். அவள் பிழைப்பு, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒற்றை அறையில், கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியாக்கி, மறுபடியும் தண்ணீராக்கிக் குப்பியில் அடைத்து, பேட்டரிக் கடைகளுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் கொடுப்பது. டிஸ்டில்டு வாட்டர். ஊரில் அதற்கு "பேட்டரித் தண்ணி" என்று பெயர். வண்டி பேட்டரியில் தண்ணீர் வற்ற வற்ற அதைத்தான் ஊற்ற வேண்டும், உப்புள்ள தண்ணீர் போனால் பேட்டரி செத்துவிடும்.

1997 ஆகஸ்டில் வந்த அந்தத் தாளின் கடைசிப் பத்திதான் அவளை உட்கார வைத்தது. பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் வழக்கு. அதுவரை, நோட்டீஸ் அனுப்பிய இரட்டைச் சுத்தியல் கம்பெனியின் பேட்டரி விற்கும் எந்தக் கடையும் அவள் தண்ணீரை வாங்கக் கூடாது. அவள் தண்ணீர் கொடுத்த கடைகள் பதினொன்று. பதினொன்றும் இரட்டைச் சுத்தியல் கடைகள்.

இரண்டு பேட்டரிக் கம்பெனிகளின் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் வரை இருபது வருடம் இரட்டைச் சுத்தியல்தான் பேட்டரி. அதைத் தவிர வேறு மார்க் உண்டு என்பதையே பலர் மறந்திருந்த வேளையில், போன வருடம் மான்கொம்பு வந்தது. மான்கொம்பு பேட்டரிக்கு மூடியே கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்ற நினைத்தாலும் வழியில்லை. இரட்டைச் சுத்தியலுக்கு ரோஷம் வந்தது. தென்காசி சாலையில் ஒரு சுவரில் இவர்கள் பெயிண்ட் அடித்தால் எதிர்ச் சுவரில் அவர்கள் அடித்தார்கள். மெக்கானிக்குகளுக்கு ஒரு கம்பெனி டிபன் கேரியர் கொடுக்க, மறு கம்பெனி சுவர்க் கடிகாரம் கொடுத்தது. பேட்டை மெக்கானிக் ஒருவரின் கல்யாணத்தில் இரு கம்பெனியும் ஆளுக்கொரு அலங்கார வளைவு வைத்ததில், மாப்பிள்ளை ஊர்வலம் எதற்குள் நுழைவது என்று அரை மணி நேரம் வெயிலில் நின்றது. கடைசியில் இரட்டைச் சுத்தியல், ஒரு வருட உத்தரவாதத்தைப் பதினெட்டு மாதமாக உயர்த்தியது. உயர்த்திய நேரம் பார்த்துத்தான் அதன் பேட்டரிகள் எட்டாம் மாதம் சாகத் தொடங்கின.

அசன் மைதீனின் கடைக்குப் பின்னால் செத்த பேட்டரிகள் இடுப்பளவு உயர்ந்தன. இரட்டைச் சுத்தியலின் பழைய டீலர் அவர். கம்பெனி ஆட்கள் வந்து, செத்த பேட்டரிகள் இருந்த வண்டிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லா வண்டியிலும், சீட்டுக்கு அடியில், பாக்கியத்தின் குப்பி ஒன்று கிடந்தது. மான்கொம்பு பேட்டரி ஒன்றுகூடச் சாகவில்லை. சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

நோட்டீஸை எடுத்துக்கொண்டு பாக்கியம் அசன் மைதீனிடம்தான் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"உன்னையப் பாத்தா சதிகாரி மாதிரியா இருக்கு? ஒரு பேட்டரியத் தூக்கி அங்கன வையின்னா இடுப்பு புடிச்சுக்கிடும் உனக்கு" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கி, மெட்ராஸிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருவதாகவும், அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார்.

பாக்கியம் உவரிக்காரி. அவள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் குடம் இன்ன விலை என்று வாங்கிக் குடித்து வளர்ந்தவள். தண்ணீரை விற்பது பிழைப்பு என்று ஓர் ஆற்றங்கரை ஊரில் அவளைப் போன்ற கடற்கரைக்காரிக்கு மட்டுமே தோன்றியிருக்க முடியும். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் கூடத்தில் ஆறு வருடம் தற்காலிக வேலை பார்த்தாள். வேலை நிரந்தரமாகாமலேயே முடிந்தபோது, அங்கே ஓட்டை உடைசலோடு ஏலத்தில் வந்த கண்ணாடி வடிகலத்தை வாங்கினாள். தண்ணீரும் பழுதில்லாமல் வடிந்தது. வாங்கத்தான் ஆளில்லை. "ஆத்தங்கரையில வந்து தண்ணி விக்கியே, கூச்சமா இல்லியா?" என்று டாக்ஸி ஸ்டாண்டில் சிரித்தார்கள். தாமிரபரணி வாசலில் ஓடும்போது காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது அவர்களுக்கு ஆற்றை அவமதிப்பதாகப் பட்டது.

ஆற்றை மதிக்கிறவர்களுக்கு ஆற்றையே காட்டுவது என்று பாக்கியம் முடிவு செய்தாள். ஒரு காலண்டரிலிருந்து படித்துறையும் கல்மண்டபமும் ஆறும் உள்ள படத்தை வெட்டி, அச்சகத்தில் கொடுத்து, குப்பிகளில் ஒட்டினாள். அந்த மாதமே விற்பனை மூன்று மடங்கானது. இது கண்ணாடி வடிகலத்தில் வடித்த தண்ணீர் என்பதும் லேபிளில் இருந்தது, படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

வியாழக்கிழமை வந்த அதிகாரியின் பெயர் சுந்தர்ராமன். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து மெட்ராஸுக்குப் போனவர். முதலில் சொந்த ஊருக்குப் போய், ஆற்றில் குளித்து, நெற்றியில் விபூதி காயாமல் வந்திருந்தார். அசன் மைதீன் கடையில், கம்பெனி காலண்டருக்கு முன்னால் பாக்கியத்தை உட்கார வைத்து, அவள் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நடிக்காதீங்கம்மா. தண்ணில என்ன கலக்கறீங்க? உப்பா?"

பாக்கியத்துக்குக் கல்லூரி வேதியியல் கூடம் ஞாபகம் வந்தது. "சில்வர் நைட்ரேட் வச்சிருக்கியளா சார்? ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. உப்பு இருந்தா வெள்ளையாயிரும்."

சுந்தர்ராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில்நுட்ப அறிவுடனும் என்று நோட்டீஸில் எழுதியிருந்ததற்கு அதுவரை ஆதாரம் இல்லை. இப்போது இருந்தது.

அந்த மருந்து அவர் பெட்டியிலேயே இருந்தது. பாக்கியம் கொண்டு வந்திருந்த புதுக் குப்பியைத் திறந்து டம்ளரில் ஊற்றி ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அடுத்து, ஒரு வேனிலிருந்து எடுத்து வைத்திருந்த குப்பி. சொட்டு விழுந்ததும் டம்ளருக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளை படர்ந்தது.

இரண்டிலும் அவள் லேபிள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் காட்டுவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று இரண்டு சரக்கு வைத்திருக்கிறாள் என்றார் அவர். பாக்கியம் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் லேபிள் ஒட்டிய குப்பியில், அவள் கண்ணெதிரில், அவள் வடிக்காத தண்ணீர். ஏதோ ஓர் எதிரி தனக்கு உண்மையிலேயே இருக்கிறானோ என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

எதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். செத்த பேட்டரிக்கு மாற்று வாங்க வந்த வேன் டிரைவர் முத்துமாலை.

"அந்தக் குப்பி என் வண்டியில உள்ளது சார். நான்தான் ரொப்புனேன்."

"எங்க ரொப்பின?"

"கொக்கிரகுளத்துல, பாலத்துக்குக் கீழ. மூணு தடவ நல்லா கழுவித்தான் ரொப்புனேன்."

"எதுல கழுவின?"

"ஆத்துலதான்."

கடைக்குள் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அதைத் தன்மேல் சொன்ன குறையாக எடுத்துக்கொண்ட முத்துமாலை, விளக்கம் சொன்னான்.

"அக்கா விக்கது அந்தத் தண்ணிதானே? படம் போட்டிருக்குல்லா. முத குப்பிய துட்டு குடுத்துத்தான் வாங்குனேன். தீந்த பொறவு, அதே ஆறு சும்மாதானே ஓடுது. ஸ்டாண்டுல எல்லாவனும் அப்படித்தான் செய்யுதான். அந்தத் தண்ணியக் குடிச்சு மனுசன் நூறு வயசு இருக்கான், ஒரு பேட்டரி பதினெட்டு மாசம் இருக்காதா?"

சதிகாரி என்று எழுதிய தாளைப் படித்தபோதுகூடப் பாக்கியத்துக்கு உள்ளே ஒரு தைரியம் இருந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்பது. அந்தத் தைரியம் போய்விட்டது. கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த அத்தனை பேட்டரிகளும் காலண்டரிலிருந்து கத்தரிக்கோலால் அவள் வெட்டிய அந்தப் படத்தால் செத்தவை.

அவளைவிட அதிகமாக அதிர்ந்தவர் சுந்தர்ராமன். கொக்கிரகுளத்தில் டவுன் சாக்கடை கலக்கிறது, அதனால்தான் இப்படி, ஆற்றின் மேல்பக்கம் உள்ள கல்லிடைக்குறிச்சித் தண்ணீருக்கு ஒரு குறையும் இருக்காது என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து போய், காரில் மெட்ராஸ் வீட்டுக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் கேனைத் தாமே சுமந்து வந்தார்.

"எங்க படித்துறை ஜலம் இது. கார்த்தால நானே எறங்கி மொண்டேன்."

சொட்டு விட்டார். முதலில் ஒன்றும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. பிறகு டம்ளருக்குள், ஊதுவத்திப் புகை மாதிரி, மிக மெல்லிதாக ஒரு வெண்மை எழுந்து சுற்றியது. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டம்ளர் அழுக்காக இருக்குமோ என்று வேறு டம்ளர் கேட்டார். அதிலும் புகை எழுந்தது.

குற்றம் சாட்டப்பட்டவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. "குடிக்கதுக்கு நல்ல தண்ணிதான் சார். பேட்டரிக்குத்தான் ஆகாது."

அறிக்கை எழுத சுந்தர்ராமன் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். அவருடைய சிக்கல் நியாயமானது. நெல்லை மக்கள் ஆற்றின் மேல் வைத்த பிரியத்தால் நம் பேட்டரி சாகிறது என்று மெட்ராஸுக்கு எழுத முடியாது. அங்கே அவர்களுக்கு ஓர் எதிரி வேண்டும், அந்த எதிரிக்கு மூடியில்லாத பேட்டரி இருக்க வேண்டும். ஆகவே அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு யோசனை சொன்னார்.

"மான்கொம்புக்காரா சொல்லித்தான் படத்தை ஒட்டினேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ. நோட்டீஸை வாபஸ் வாங்கிடறோம். மூணு ஜில்லாவுக்கும் கம்பெனி தண்ணி நீங்கதான்."

பதினொரு கடை போன இடத்தில் மூன்று மாவட்டம். அசன் மைதீன்கூட ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"அப்படி நடக்கலியே சார்" என்றாள் பாக்கியம்.

மறுநாள் காலை அவள் வீட்டு முன்னால் வேறொரு கார் நின்றது. கடையில் நடந்ததை அதற்குள் கேள்விப்பட்டிருந்த மான்கொம்பின் விற்பனை அதிகாரி. கையில் ஜரிகைச் சால்வை, கிலோ கணக்கில் இனிப்பு. ஆறு மாதம் விளம்பரம் செய்தும் தங்களால் முடியாததை மேடம் ஒரே ஸ்டிக்கரில் முடித்துவிட்டதாகச் சொல்லிக் கும்பிட்டார். அடுத்த லேபிளைக் கம்பெனி செலவில் தாங்களே அச்சடித்துத் தருவதாகவும், பத்தாயிரம் லேபிள் போதுமா என்றும், ஆற்றின் படம் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பழி சொன்ன தாளுக்குக்கூட அவள் இந்த நன்றிக்குப் பயந்த அளவு பயப்படவில்லை. ஒன்றையொன்று அழிக்க நினைத்த இரண்டு கம்பெனிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பாக்கியம் பெரிய மூளைக்காரி என்பது அது.

"சால்வைய மடிச்சு உள்ள வைங்க சார்" என்றாள். "பேட்டரி செத்து வண்டி நிக்கவங்க முன்னாலதான் நான் தெனமும் நடந்து போவணும்."

அன்று மதியம் நோட்டீஸுக்கு அவளே ஓர் இன்லண்டு லெட்டரில் பதில் எழுதினாள். தண்ணீர் சுத்தமானது. படம் என் யோசனை. வேறு யாரும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ஆற்றில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். மன்னிக்கவும். அசன் மைதீன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இதை அனுப்பினால் தன் கையாலேயே தன்னை மாட்டிவைத்த மாதிரி என்றார். அவள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

பதில் வரவில்லை. வழக்கும் வரவில்லை. நோட்டீஸை யாரும் வாபஸ் வாங்கவுமில்லை. ஒரு கம்பெனியின் கோப்பில் அவள் இன்னும் மறைமுக முகவர். பதினொரு கடையில் நான்குதான் திரும்பக் கிடைத்தன. அசன் மைதீன் கடை முதலாவது. முத்துமாலை மட்டும் புதுக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்போது படமும் இல்லை, என்ன தண்ணியென்று யாருக்குத் தெரியும் என்று முணுமுணுத்தபடியே காசு கொடுத்து வாங்கினான்.

அவள் செய்தது இவ்வளவுதான். தண்ணீரைக் காய்ச்சி வடித்தாள். விற்கவில்லை என்று அதில் ஆற்றின் படத்தை ஒட்டினாள். பிறகு கடை கடையாக, வண்டி வண்டியாகப் போய் முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகளைத் திரும்ப வாங்கி, வாளியில் ஊறப்போட்டு, காய்கறிக் கத்தியால் ஒவ்வொன்றாகப் படத்தைச் சுரண்டி எடுத்து, "இது ஆற்றுத் தண்ணீர் இல்லை" என்று கையால் எழுதினாள்.